அத்தைக்குப் போட்ட கோடிச் சேலை

மூட்டுவலித் தைலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு இதை வாசிக்கப்போகிற என் சோட்டுப் பெண்களே, முதலில் உங்களுக்கு ஒரு வணக்கம். நம்மோடு படித்த பயல்களும் வாசிக்கலாம். ஆனால் அணிவகுப்புக்குப் பெண்பிள்ளைகள் எதற்கு என்று அன்றைக்கு நீங்கள் சிரித்ததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். பின்னால் வந்து கோபித்துக்கொள்ளக் கூடாது.

சுதந்திரம் கிடைத்து இருபத்தைந்து வருஷம் ஆன கோடை அது. நமக்கு ஒன்பது வயது. சாயல்குடிக்குத் தெற்கே, பனங்காடு முடிந்து உப்புக்காற்று தொடங்குகிற இடத்தில் நம் ஊர். களம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நெடியில் தும்மாமல் களத்தைக் கடப்பவருக்கு ஒரு பட்டை பதநீர் என்று பந்தயம் வைப்போம். ஓலையை மடித்துச் செய்த அந்தப் பட்டையில் வாய் வைத்தால் பச்சை ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து வரும். இப்போது பிளாஸ்டிக் டம்ளரில் தருகிறார்கள். போன மாதம் குடித்துப் பார்த்தேன், இருமல் மருந்து தோற்றது.

அந்தக் களத்தில் நாள் முழுக்கத் தும்மாமல் நிற்கக்கூடிய ஒரே ஆள் என் அத்தை, அய்யாவின் தங்கை. ஊர் அவளை மலாயாக்காரி என்றது. வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, ஆண்பிள்ளை போல ஒட்டக் கத்தரித்த தலை. வெளியூருக்குக் கிளம்புகிறவர்கள் அத்தை எதிரே வந்தால் திரும்ப வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் செய்ததுதான். குத்திக்காட்டவில்லை, சொல்லிவைக்கிறேன். அவள் புருஷன் மலேயாவில் பட்டாளத்தில் சேர்ந்து செத்துப்போனான் என்பது ஊருக்குத் தெரிந்த கதை. அந்தப் புருஷனுக்கு எந்த ஊர், என்ன பேர் என்று யாரும் கேட்டதில்லை.

அத்தை விடியுமுன் எழுந்துவிடுவாள். பாயை நான்காக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். தலையணை கிடையாது. பிடி வைத்த ஒரு தகர டப்பாவில்தான் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு மணல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். "எம்புட்டு நேமமா இருக்கா பாரு, செத்தவன் குடுத்து வச்சவன்" என்று தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஊர் இதையெல்லாம் விதவை விரதம் என்று எண்ணிக்கொண்டது. பட்டாளத்துப் பழக்கமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நடந்தது இது. வளர்ந்த பிறகு அத்தையே எனக்குச் சொன்னது. தாய் தகப்பன் போன பிறகு, ஏழு வயதுச் சிறுமியை அவளுடைய தாய்மாமன் மலேயாவுக்குக் கூட்டிப்போனார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி வளர்ந்தாள். யுத்தம் வந்தது. வெள்ளைக்காரனை விரட்ட நம்மவர்கள் அங்கே ஒரு படை திரட்டினார்கள், அதில் பெண்களுக்கென்று தனிப் பட்டாளம் எழுந்தது. அத்தை பதினேழு வயதில் போய்ப் பேர் கொடுத்தாள். முதல் நாளே சடையை வெட்டினார்கள். துப்பாக்கி பிடித்தாள், பர்மா வரை போனாள், தோற்றுப் பின்வாங்கி மழையில் நடந்தே திரும்பினாள். மாமனும் மாமியும் யுத்தத்தில் போய்விட்டார்கள். சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் கப்பலேறி வந்து, காய்ச்சலோடு இராமநாதபுரம் ரயிலடியில் இறங்கினாள்.

தந்தி கண்டு அழைத்துவரப் போன அய்யா, முடி வெட்டிய அவள் தலையைப் பார்த்தார், வெறுங்கழுத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகக் கடுதாசி இல்லாத தங்கை. அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். வீடு வந்ததும் காய்ச்சலில் மயங்கிப்போன அத்தை இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தால், சுற்றிலும் பெண்கள் மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள், மடியில் வெள்ளைக் கோடிச் சேலை. புருஷனை இழந்து வருகிறவளுக்குப் பிறந்த வீடு போடுகிற சேலை. யாருக்காக அழுகிறார்கள் என்றே அவளுக்கு முதலில் விளங்கவில்லையாம்.

"அண்ணே, எனக்குக் கல்யாணமே ஆகலண்ணே" என்று மூன்றாம் நாள் சொன்னாள். பட்டாளத்தையும் சொன்னாள். அய்யா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லிராத ஆத்தா. கல்யாணம் ஆகாத பிள்ள தலைய வெட்டிக்கிட்டு பட்டாளத்தோட திரிஞ்சான்னா ஊரு என்ன பேசும்? கோடி போட்டது போட்டதா இருக்கட்டும்."

அத்தை யோசித்தாளாம். "சரி. ஆனா எனக்கு மாப்ள பாக்கேன்னு எவனையும் கூட்டிட்டு வரக்கூடாது" என்றாள். அண்ணனும் தங்கையும் அந்த ஒப்பந்தத்தை இருபத்தாறு வருஷம் காப்பாற்றினார்கள். அய்யா கெட்டவர் இல்லை. தங்கைக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினார். ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

இனி சுபேதார். அவரை மறந்திருக்க மாட்டீர்கள். அதே யுத்தத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மாவில் சண்டை போட்டவர். மெடல்களை நெஞ்சில் குத்திக்கொண்டு நம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுகிறவர் வருஷாவருஷம் அவர்தான். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர் சுதந்திரக் கொடியை ஏற்றுகிறாரே என்று யாருக்கும் உறுத்தவில்லை. ஊருக்கு ஒரே ஒரு பட்டாளத்துக்காரர்தானே இருந்தார், அல்லது அப்படி நினைத்திருந்தோம்.

அந்த வருஷம் வெள்ளிவிழா என்பதால் பையன்களுக்கு அணிவகுப்புப் பழக்கினார். பெண்பிள்ளைகள் பாட்டுப் பாடினால் போதும் என்றுவிட்டார். இடைவேளையில் அவர் சொல்லும் பொடிப்பயல் பட்டாளத்துக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். சித்தாங் ஆற்றங்கரைச் சேற்றில் எதிரியின் காலடித் தடங்களைப் பார்த்தாராம், எல்லாமே சின்னச் சின்னப் பூட்ஸ் தடம். "ஆளு கிடைக்காம பள்ளிக்கூடத்துப் பயலுகளப் பிடிச்சுச் சேத்திருக்கானுக, அந்த லட்சணத்துல சண்டைக்கு வந்தானுக" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் எங்கள் களம். அந்தப் பக்கம் மிளகாய் கிளறிக்கொண்டிருக்கும் அத்தையும் சிரிப்பாள். கதை அவளுக்கும் பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சித்திரையில் ஒரு கடுதாசி வந்தது. உறையில் ஹவில்தார் என்று எழுதி, அதன் பக்கத்தில் அத்தையின் பெயர். தபால்காரர் அதைப் பார்த்து, செத்துப்போன ஹவில்தாரின் சம்சாரத்துக்கு வந்திருக்கிறது என்று தானே முடிவு செய்து, வீட்டு ஆம்பளையிடம் கொடுப்பதுதான் முறை என்று அய்யாவிடம் கொடுத்தார். அய்யா வாசித்தார். மடித்துக் கூரை எரவாணத்தில் செருகினார். அத்தையிடம் சொல்லவில்லை.

நான் பல்லாங்குழிச் சோழியை ஒளித்துவைக்கப் போய் அதைக் கண்டெடுத்தேன். எழுத்துக்கூட்டி அத்தை பேரை வாசித்ததும் களத்துக்கு ஓடினேன். அத்தை நின்றபடியே வாசித்தாள். எந்த நெடிக்கும் கலங்காத அந்தக் கண்கள் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுதியவர் அதே பட்டாளத்தில் அவளோடு இருந்த சிநேகிதி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். சுதந்திரத்துக்காகப் போராடியவர்களைத் தியாகிகள் என்று சர்க்கார் பட்டியல் எடுக்கிறது. கூட இருந்த ஒருவர் சாட்சி சொன்னால்தான் பெயர் ஏறும். "மத்தவுகள்லாம் செத்தாகளா இருக்காகளான்னு தெரியல. நீ ஒருத்திதான் எனக்கு மிச்சம். நீயும் வாயத் தெறக்கலேன்னா நான் பட்டாளத்துல இருந்ததே பொய்யாப் போயிரும். எங்க ஊர்ல இப்பவே புளுகுறேங்கிறாக" என்று எழுதியிருந்தார். கடுதாசி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மத்தியானம் அய்யா சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை கடுதாசியை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அய்யா என்னைப் பார்த்தார். கை ஓங்கியது.

"அவளை அடிக்காதண்ணே. எனக்கு வந்ததை எனக்குக் குடுத்தா."

"வீட்டுல பதினெட்டு வயசுல ஒரு பொண்ணு நிக்கிறா. அத்தைக்காரி பட்டாளத்துல கெடந்தவன்னு தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்? இருவத்தாறு வருசமா இருந்தது இருந்தபடி இருக்கட்டுமே ஆத்தா."

"இருவத்தாறு வருசம் நீ கேட்டேன்னு வெள்ளச் சேல கட்டுனேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் போகல, எந்தப் பந்தல்லயும் முன்னால நிக்கல. இப்ப அவ கேக்குறா. இல்லேன்னு சொல்ல எனக்கு முடியல."

அய்யா இலையை மடித்து எழுந்துவிட்டார். அத்தை அன்றே சாயல்குடிக்கு நடந்து போய், சாட்சி சொல்லத் தயார் என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு இரண்டு மாதம் வீட்டில் அண்ணனும் தங்கையும் பேச்சில்லை. எங்கள் அம்மாதான் நடுவில் நின்று உப்புப் போதுமா, புளி போதுமா என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி மாதக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு காலையில், அத்தையின் சாட்சி செல்லுமா என்று பார்க்க விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். இளவயசு, நல்ல மாதிரி. ஐந்தாம் வகுப்பு அறையில் மேசை போட்டார்கள். மேசைக்கு ஒரு பக்கம் சுபேதார், பட்டாளத்து விஷயம் தெரிந்தவர் என்று அழைத்திருந்தார்கள். பெஞ்சில் அய்யா தலையைக் குனிந்தபடி. சன்னல் கம்பிகளில் நாம் எல்லோரும் தொங்கினோம்.

அதிகாரி கையில் ஊர் அனுப்பிய அறிக்கை இருந்தது. மேற்படியார் போரில் இறந்த சிப்பாயின் விதவை, தனியாகப் படைச் சேவை ஏதும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஊரைக் கேட்டு எழுதினார்கள், ஊருக்குத் தெரிந்தது அதுதான்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"வீட்டுக்காரர் இல்லீங்க."

"இறந்தவர் பேரைத்தாம்மா கேக்குறேன்."

"இருந்தாத்தானங்க சாகுறதுக்கு."

சன்னலில் ஒரே சிரிப்பு. அதிகாரி கோபப்படவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்களை அவர் எத்தனையோ பார்த்திருப்பார். "வாயால சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் காட்டுங்கம்மா" என்று தாளையும் பேனாவையும் தள்ளினார். அத்தை எழுதித் திருப்பித் தந்தாள். அவர் சத்தமாக வாசித்தார். ஹவில்தார், ஒரு எண், பிறகு ஒரு பெயர். "இது பொம்பளப் பேரா இருக்கே" என்றார்.

"என் பேருங்க. துப்பாக்கி பிடிச்சது நான்தான்."

சுபேதார் நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். "ஏத்தா, நானும் நாலு வருசம் பர்மாவுல கெடந்தவன். அங்கன பொம்பளப் பட்டாளத்த நான் கண்ணால பாக்கல. யாரோ சொன்னதக் கேட்டுட்டு வந்து சொல்லாத."

"எங்களப் பாக்கல மாமா. எங்க தடத்தப் பாத்திருக்கீக. பொடிப்பயலுக தடம்னு பிள்ளைகளுக்குச் சொல்லுவீகள்ல, அது நாங்கதான்."

"அதத்தான் இந்த ஊரு பூராம் கேட்டிருக்கே. நீயும் கேட்டிருக்க."

"நீங்க சொல்லாத ஒண்ணும் இருக்கு" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "அதுல ஒரு தடம் மட்டும் வேற மாதிரி. ஒரு காலுக்குப் பூட்சு, ஒரு கால் வெறுங்கால். பக்கத்துலயே கம்பு ஊனுன குழி, ஆத்தங்கர முழுக்க. கால்ல குண்டு உரசிப் புண்ணு. அந்தக் கம்ப வெட்டிக் குடுத்தவ நான். அந்தக் கால்காரிதான் இப்பச் சாட்சி கேட்டு எழுதியிருக்கா. நீங்க அதப் பாத்தீகளா பாக்கலையா, அத மட்டும் சொல்லுங்க மாமா."

ஜீப் டிரைவர்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார். சுபேதார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரத்தமும் இருந்துச்சு" என்றார்.

பிறகு அதிகாரியைப் பார்த்துத் திரும்பினார். "நான்தான் முன்னால போயித் தடம் பாத்தவன். அந்த வெறுங்காலப் பாத்ததும் ஏதோ நொண்டிப் பிள்ளன்னு நெனச்சேன். தெக்க போன தடத்த வடக்க போயிருக்குன்னு தொரைகிட்டச் சொல்லிட்டேன். தின்ன சோத்துக்குச் செஞ்ச துரோகம்னு எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. இந்தம்மா அங்கன இல்லாம இது தெரியவே தெரியாது. எழுதிக்கங்க."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடாமல், "ஆனா விதவைன்னு ஊர் அறிக்கை இருக்கே, குடும்பத்துல யாராச்சும் தெளிவாச் சொல்லணும்" என்றார்.

அய்யா எழுந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், பெரிய மனுஷர்கள் முன்னால் செய்வது போல. ஆனால் அதிகாரியைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். "எந் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகலய்யா. புருசன்னு ஒருத்தன் இருந்ததில்ல. ரயிலடியில தலையப் பாத்துட்டு நானா நெனச்சுக்கிட்டேன். நெசம் தெரிஞ்ச பொறகும் ஊருக்குப் பயந்து மறைச்சேன். எந் தங்கச்சி பட்டாளத்துக்காரி. அதையும் எழுதிக்கங்க" என்றார். சொல்லி முடித்ததும் அழுதார். வெளியே நின்ற தெருப் பெண்களில் ஒருத்தி, கோடி போட்ட அன்றைக்கு மாரடித்தவளாம், "அடப்பாவி, அன்னைக்கு யாருக்குடா எங்கள அழவச்ச?" என்று கத்தினாள். அழுதுகொண்டிருந்த அய்யாவே சிரித்துவிட்டார்.

அந்த ஆகஸ்ட் பதினைந்து உங்களுக்கும் எனக்கும் பொது. சுபேதார் வந்து அத்தையைக் கொடிக்கம்பத்துக்குக் கூப்பிட்டார். அத்தை விறைப்பாக நின்று முதலில் அவருக்குச் சல்யூட் அடித்தாள். சுபேதார் பதவி ஹவில்தாருக்கு மேலே, அதனால் அவள்தான் முந்த வேண்டும், எந்தப் பட்டாளமானால் என்ன. பர்மாவில் எதிரெதிரே நின்ற இரண்டு பேர் நம் பள்ளிக்கூட மைதானத்தில் முகத்துக்கு முகம் நின்று கையை நெற்றிக்கு உயர்த்தினார்கள். கொடியை அத்தை ஏற்றினாள். அவள் பார்த்த பார்வையில் பெண்பிள்ளைகளும் வரிசையில் சேர்ந்தோம். பழக்கமே இல்லாமல் நடந்ததால் கால் பின்னி நான் இரண்டு தடவை விழப் பார்த்தேன். பயல்களே, நீங்கள் சிரிக்கவில்லை. அதற்காக உங்களை மன்னித்தாயிற்று.

பெண் கேட்டு யாரும் வராமல் போகவில்லை. அடுத்த தை மாதமே அக்காவுக்குக் கல்யாணம், பந்தலில் முதல் ஆளாக அத்தை நின்றாள். வெள்ளைச் சேலையை மட்டும் விடவில்லை. துவைக்க லேசு என்றாள்.

அதற்கு முன்பு, ஐப்பசியில் முதல் மழை பெய்த வாரம், சிநேகிதியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்று கடுதாசி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு அய்யாவும் அத்தையும் நானும் போயிருந்தோம். ஒல்லியாக, நீளக் கொண்டையோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து ஓர் அம்மாள் இறங்கினார். இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள், அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னும் முடி வளக்கலயாடி நீ?"

"எனக்கும் சேத்து நீதான் வளத்து வச்சிருக்கியே."

அவ்வளவுதான். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி நொண்டினாலும் இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டது.

அய்யா சிநேகிதியின் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். டீக்கடைப் பாய் எட்டிப் பார்த்து, "யாருங்க விருந்தாளி, சொந்தமா?" என்று கேட்டார். பட்டாளப் பேச்சு வந்தாலே குரலைத் தணிக்கிற அய்யா, அன்றைக்கு நின்று பெட்டியோடு திரும்பினார்.

"பட்டாளம் பாய்! எந் தங்கச்சியோட பட்டாளம்!"

பிறகு யாரும் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. உரலடியில் நின்றவர்களிடம் சொன்னார், கிணற்றடியில் சொன்னார், ஆடு ஓட்டிவந்தவனை நிறுத்திச் சொன்னார். எங்கள் வீட்டு வாசல் வந்தது. அத்தையும் சிநேகிதியும் நின்றார்கள், அம்மா கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு வந்தார். அய்யா மட்டும் நிற்காமல் தலையில் பெட்டியோடு போய்க்கொண்டே இருந்தார்.

"அண்ணே, எங்க போற? வீடு இங்கன இருக்கு" என்றாள் அத்தை.

"தெரியும் ஆத்தா. கீழத்தெருவுல இன்னும் சொல்லல" என்றார் அய்யா.